பிள்ளையின் பொம்மைக்கும் கணக்கு உண்டா?

கடைச் சிப்பந்தியின் கை தவறிக் கண்ணாடிச் சாமான் ஒன்று விழுந்து உடைந்தால் என்ன செய்வது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த சங்கதி. அன்றைய சிட்டையில் சேதாரம் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். வாடிக்கைக்காரர் ஒருவரின் பொருள் நம் கடையில் வைத்துச் சேதமானால் அது வேறு விஷயம். ஈடும் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, ஒரு தேநீரும் கொடுத்து அனுப்பி வைப்போம். இவற்றில் நமக்கு யாதொரு தடுமாற்றமும் இல்லை. ஆனால் வீட்டிலே, நாலு வயதுப் பிள்ளை இரவும் பகலும் கட்டிக்கொண்டு திரிந்த பொம்மை ஒன்று, அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் கைப்பிசகால் கிழிந்தோ, உடைந்தோ, தொலைந்தோ போய்விட்டால் அதற்கு என்ன முறை? இதைப் பற்றி நம்மவர்கள் கூடிப் பேசியதாக நாம் கேட்டதில்லை. சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறோம். சின்ன விஷயந்தானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இன்று நம் வீடுகளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வோர் யார்? ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கிப் போகும் நன்னிமார். சாச்சி, மாமி முதலானோர். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி. பல வீடுகளில், ஜாவாவிலிருந்தோ சுமத்ராவிலிருந்தோ பிழைக்க வந்து நம்மோடு தங்கியிருக்கும் சகோதரி. அவரைப் பிள்ளைகள் மலாய் முறைப்படி 'கக்கா' என்று கூப்பிடுகிறார்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் பெரியவர்கள், பெண்பிள்ளையைப் போய் ஏன் காக்கா என்கிறாய் என்று திகைப்பதும், இங்கே அக்காளுக்கு அதுதான் பெயர் என்று நாம் விளக்குவதும் வழக்கமான வேடிக்கை. நாம் கடையில் கல்லாப் பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் நம் பிள்ளை இவர்களுடைய கையில்தான் இருக்கிறது. கை இருக்கும் இடத்தில் கைப்பிசகும் இருக்கும்.

முதலில் அந்தப் பொம்மை யாருடையது? நாம் காசு கொடுத்து வாங்கியதுதானே என்று தகப்பனார்கள் சொல்வார்கள். காசு நம்முடையதுதான். ஆனால் பிள்ளைக்கென்று கொடுத்துவிட்ட பொருள் பிள்ளையின் பொருள். பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டு என்பதும், அதன் சொத்து பாதுகாவலரின் கையில் அமானிதமாக இருக்கிறது என்பதும், அதை அவர் தம் இஷ்டம்போல் பிறருக்குத் தானம் செய்துவிட முடியாது என்பதும் மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்குத் தெரிந்ததே. தவறுதலாகச் செய்த காரியத்துக்குக் குற்றம் பிடிக்கப்பட மாட்டாது. ஆனால் தவறுதலாக அழித்த பொருளுக்கு ஈடு கொடுக்கும் கடமை அதனால் விலகிவிடாது. ஆண்டவனுடைய ஹக்கு வேறு, அடியானுடைய ஹக்கு வேறு என்று உஸ்தாதுமார்கள் பிரித்துச் சொல்வது இதைத்தான். லட்சம் வெள்ளிச் சரக்குக்கு உள்ள இந்தச் சட்டம் பதினைந்து வெள்ளிப் பொம்மைக்கு இல்லை என்று எந்தக் கிதாபிலும் எழுதவில்லை.

இனி, ஈடு என்பது எது? இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஃபிக்ஹு நூலோர் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். அரிசி, எண்ணெய், கோதுமை போன்றவை ஒரு வகை. ஒரு படி போனால் அதே தரத்தில் இன்னொரு படி அளந்து கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. இதற்கு மித்லீ என்று பெயர். மாடு, ஆடு போன்றவை மற்றொரு வகை. ஒன்றுக்கு ஒன்று சமமாக இராது. ஆகையால் அதன் கிரயத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குக் கீமீ என்று பெயர். நம் கடையில் டஜன் கணக்கில் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும் துணி முயலானது சந்தேகமின்றி முதல் வகையைச் சேர்ந்தது. ஒரு பிள்ளை அதைக் கையில் வாங்கி, ஒரு வருஷம் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்ட பிறகு அது எந்த வகை?

இக்கேள்வியை மேனாட்டாரும் யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் குழந்தை வைத்தியராகவும் மனநூல் வல்லுநராகவும் விளங்கிய டொனால்ட் வின்னிகாட் என்பவர் 1951-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அது 1953-ல் அச்சாயிற்று. தாயை விட்டுத் தனியே இருக்கப் பழகும் காலத்தில், தாய்க்கும் வெளியுலகத்துக்கும் நடுவே குழந்தை பற்றிக்கொள்ளும் பொருளே அந்தப் பழந்துணியும் பொம்மையும் என்பது அவர் கருத்து. நமக்கு அதிகம் விளங்கியது மற்றொரு சோதனைதான். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற இரு பேராசிரியர்கள் அதை 2008-ல் வெளியிட்டார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இதில் எந்தப் பொருளை வைத்தாலும் அதைப்போலவே இன்னொன்று உண்டாகும் என்று நம்பச் செய்தார்கள். சாதாரணப் பொம்மையானால் பிள்ளைகள் புதியதை வாங்கிக்கொள்வதில் தயங்கவில்லை. தூங்கும்போது கட்டிக்கொள்ளும் சொந்தப் பொம்மையை வைத்தபோதோ, பெரும்பாலோர் பழையதே வேண்டும் என்றார்கள். சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே சம்மதிக்கவில்லை. ஆக, மித்லீ என்று நாம் விற்றதைப் பிள்ளை வேறொரு வகையாக மாற்றிவிட்டது. கிரயத்திலும் அடங்காத வகை அது.

நாம் நன்கறிந்த ஒரு வீட்டில் நடந்ததை இங்கே சொல்வது பொருந்தும். பினாங்கில் கடை வைத்திருக்கும் குடும்பம். ஐந்து வயதுப் பையன். அவனிடம் ஒரு துணி முயல். சால்னாவும் பாலும் சிந்திச் சிந்தி அது என்ன நிறம் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்த ஜாவாப் பெண், பிள்ளைக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்துடன் அதைத் துணிகளோடு சலவை இயந்திரத்தில் போட்டாள். வெளியே எடுத்தபோது ஒரு காது தனியே வந்தது. தையல் விட்டுப் பஞ்சு துணியெல்லாம் ஒட்டிக் கிடந்தது. அவள் பயந்துபோய் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இரவில் பையன் தேடினான். தாயார் விசாரித்து, பொருளைக் கண்டுபிடித்து, கோபத்தில் உன் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். தகப்பனார் சாந்தமானவர். அதெல்லாம் வேண்டாம், பசார் மாலாமில் இதே முயல் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வந்து கட்டிலில் வைத்துவிடுவோம், கழுவினதில் புதுசாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். கேட்பதற்கு நல்ல யோசனைதான். நம்மில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் செய்வோம்.

காலையில் பையன் புது முயலை முகர்ந்து பார்த்தான். "இது அவன் இல்லை" என்றான். தகப்பனார், "அவன்தான்டா, கக்கா கழுவியிருக்கிறா, கேட்டுப் பார்" என்றார். பையன் போய்க் கேட்டான். முதலாளி ஒரு பக்கம், முதலாளியம்மா ஒரு பக்கம் நிற்க, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

அந்தத் தலைகுனிவைத்தான் நாம் மிகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முயலைக் கழுவியதில் அவள்மீது குற்றமே இல்லை. ஒளித்து வைத்தது பயத்தால். ஆனால் இந்த ஆமாம் அவள் சொன்ன பொய்யா? நாம் செய்த பொய்யை அவள் வாயில் வைத்தோம். சம்பளத்துக்கு நம் வீட்டில் இருப்பவளால் மறுத்துச் சொல்ல முடியாது. நாள் முழுதும் தன்னைப் பார்த்துக்கொள்பவளிடம் பிள்ளை நம்பிக்கையோடு போய்க் கேட்டது. அவளையே பொய்ச்சாட்சியாக்கிய பின் நாளைக்குப் பிள்ளைக்கு ஓர் ஆபத்து, ஒரு வலி, ஒரு பயம் என்றால் அது யாரிடம் உண்மையைச் சொல்லும்? யாரிடம் உண்மையைக் கேட்கும்? பதினைந்து வெள்ளியில் காரியத்தை முடித்துவிட்டதாகத் தகப்பனார் எண்ணியிருந்தார். போன சொத்து எது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையன்று பையனுடைய நன்னி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி. சங்கதியைக் கேட்டுவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த கிழிந்த முயலை எடுத்து வந்து பையன் மடியில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். பையன் கதறினான். கக்காவை ஓடிப்போய் ஓர் அடி அடித்தான். இரண்டாவது அடிக்குக் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, அழாதே என்று நன்னி சொல்லவில்லை. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மஆஃப் கேட்டாள். நம் ஊர்ப் பேச்சில் மாப்பு என்கிறோம், சொல் ஒன்றுதான். பையன் பதில் பேசவில்லை. அதற்காக யாரும் அவனை நெருக்கவுமில்லை. மறுநாள் யார் தைப்பது என்று அவனே கேட்டான். வெள்ளை நூல் இல்லாததால் கறுப்பு நூலில் தைத்தார்கள். காது கோணலாகத்தான் நின்றது. புது முயலைப் பையன் அலமாரியில் வைத்துவிட்டான்.

இந்த மூதாட்டி எந்தக் கிதாபைப் பார்த்து இப்படிச் செய்தார் என்று யாராவது கேட்டால், ஹதீதுகளில் இதற்கு வழி இருக்கிறது என்று சொல்லலாம். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி). அவருக்கு அபூ உமைர் என்று அழைக்கப்பட்ட ஒரு சிறு மகன். அச்சிறுவன் ஒரு சின்னக் குருவி வைத்து விளையாடுவான். ஒரு நாள் அது செத்துப்போயிற்று. அவ்வீட்டுக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவன் வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டறிந்து, அவனைப் பெரிய மனிதனைப்போல் அபூ உமைர் என்று விளித்து, அந்தக் குருவிக்கு என்ன நேர்ந்தது என்று அவனிடமே விசாரித்தார்கள். ஒரு குருவி போனால் போகட்டும் என்று சொல்லவில்லை. வேறு குருவி பிடித்துத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஷாபிஈ மத்ஹபின் அறிஞரும் ஹிஜ்ரி 335-ல் மறைந்தவருமான இப்னுல் காஸ்ஸு அவர்கள், இந்த ஒரு ஹதீதிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிய பேச்சு, அவ்வளவு பெரிய ஆலிமுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

இதை அறிவித்தவர் அனஸ் (ரலி). இன்னொரு சம்பவத்தையும் அவரே அறிவிக்கிறார். பெருமானாரின் ஒரு மனைவியார் இல்லத்தில் அவர்கள் இருந்தபோது, வேறொரு மனைவியார் வேலையாள் மூலம் ஒரு தட்டில் உணவு அனுப்பினார். இவர் ரோஷத்தில் வேலையாளின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து பிளந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் துண்டுகளைத் தாமே பொறுக்கிச் சேர்த்து, சிந்திய உணவையும் அள்ளி வைத்தார்கள். வேலையாளைக் காத்திருக்கச் செய்து, தட்டை உடைத்தவர் வீட்டிலிருந்த முழுத் தட்டை வாங்கிக் கொடுத்தனுப்பி, உடைந்ததை அவ்வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். அது கைப்பிசகன்று, தட்டிவிட்டது. ஆனாலும் நாம் பார்க்க வேண்டியது அந்த வேலையாளை. வெறுங்கையோடு திரும்பிப் போய் வசவு கேட்கும் நிலையில் அவரை விடவில்லை. பத்து வருஷம் தாம் பெருமானாருக்குப் பணிவிடை செய்ததாகவும், ஒரு தடவைகூடச் சீ என்றோ, இதை ஏன் செய்தாய் என்றோ கேட்டதில்லை என்றும் சொன்னவரும் இதே அனஸ் (ரலி)தான். வேலைக்கு நின்ற பிள்ளையின் கண்கொண்டு பார்த்தவர் ஆகையால், இப்படிப்பட்ட சம்பவங்கள் அவர் மனதில் தங்கின என்று நமக்குத் தோன்றுகிறது.

புது முயலை வைத்து ஏமாற்றிய விஷயத்துக்கும் பதில் உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். அங்கிருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடாமல் விட்டிருந்தால் உன்பேரில் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் வருகிறது. அறிவிப்பவர் அந்தச் சிறுவரே! ஆளான பிறகும் அவருக்கு அந்தப் பழம் ஞாபகம் இருந்தது.

சிலர் கேட்பார்கள்: பொருள் போவது உலக இயல்பு, பிள்ளைக்கு இப்போதே சபுரு பழக்க வேண்டாமா? பழக்கத்தான் வேண்டும். ஆனால் பொருளைப் போக்கியவரே சபுரைப் போதிக்க வந்தால், கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனிடம் வந்து, உலகம் நிலையில்லாதது என்று பேசுவதைப் போலிருக்கும். நம் கடைக்கு அப்படி ஒருவர் வந்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்போம்? முதலில் கடனை ஒப்புக்கொள், பிறகு பேசு என்போம். பிள்ளையும் அதையே எதிர்பார்க்கிறது; சொல்லத்தான் தெரியவில்லை.

ஆகவே நம் அபிப்பிராயத்தில் இங்கே கடன் ஒன்றல்ல, இரண்டு. பொருளுக்கான கடன் ஒன்று. அதை யார் வேண்டுமானாலும் அடைக்கலாம். வேலைக்கார சகோதரியின் சம்பளத்தில் அதைப் பிடிப்பது நமக்கு அழகன்று. அவர் செய்தது நம் வீட்டு வேலை. கடையில் சிப்பந்தி தூசி தட்டும்போது உடைந்ததைக் கடைக் கணக்கில் எழுதுகிறோம் அல்லவா, வீட்டிலும் அப்படியே தகப்பனார் தம் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். மாதாமாதம் அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் பதினைந்து வெள்ளி குறைந்தால் அங்கே எந்தப் பிள்ளைக்கு எது குறையும் என்பதையும் நினைக்க வேண்டும். அதுவும் ஒரு பிள்ளைதான். மனதுக்கான கடன் மற்றொன்று. இதை வேறொருவர் அடைக்க முடியாது. கைப்பிசகு யாருடையதோ அவரே பிள்ளையின் முன் வந்து, நான்தான், தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் வரவேண்டுமானால், சொன்னதற்காக வேலை போகாது, வசவு கிடைக்காது என்ற அபயத்தை வீட்டுக்காரர் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். நன்னிமாராயிருந்தால் அவர்களுக்கு வேறு கஷ்டம். பேரனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற கூச்சம். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று முகஞ்சுளிக்காமல் இருந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

பிள்ளை உடனே மன்னித்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நம் வீடுகளில் ஒரு வழக்கம். "சரி என்று சொல்லு, கை கொடு, சிரி" என்று தோளைப் பிடித்து உலுக்குவோம். இது நமக்குச் சம்மதமில்லை. நாலு பெரியவர்கள் சுற்றி நின்று கையெழுத்து வாங்கிய விடுதலைச் சீட்டை எந்த வியாபாரியும் நல்ல சீட்டு என்று ஒப்ப மாட்டார். இரண்டு நாள் ஆகட்டும், நாலு நாள் ஆகட்டும். பிள்ளை தானே வந்து பால் கேட்கும்.

பெருநாளைக்கு வீடு சுத்தம் செய்கிறோம் என்று பழைய பொம்மைகளை மூட்டை கட்டிக் குப்பையில் போடும் பெற்றோரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதைக் கைப்பிசகுக் கணக்கில் சேர்க்க முடியாது. கேட்காமல் செய்த காரியம் அது. அவர்கள் வேலைக்காரியின்மேல் கோபிக்குமுன் தம் மூட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, துண்டுகூட மிஞ்சாமல் தொலைந்துபோன பொருளின் விஷயம். பட்டர்வொர்த் போய்த் திரும்பும்போது படகில் பொம்மையை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மடியில் வைத்துக் காட்டக் கிழிந்த முயல்கூடக் கிடையாது. கிடைக்காது என்று நமக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. இங்கே கப்பலேறி மக்காவுக்குப் போயிருக்கிறது என்று கதை கட்டுவோரும் உண்டு. அது வேண்டாம். தொலைத்தவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய், அங்குள்ள சிப்பந்திகளிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு, அடுத்த படகு வந்து ஆட்கள் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வரலாம். போக வர ஒரு மணி நேரம் ஆகும். கடையை அதுவரையில் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.